இன்னார் மகளுக்கு நான் தராத சான்றிதழ்

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில், ஏற்றுமதியாளர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு அரசாங்க அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். மூன்றாவது மாடி, நாலாம் எண் கவுண்டர். வீடு பிரிக்ஃபீல்ட்ஸில். காலையில் மினி பஸ் படியில் தொற்றிக்கொண்டு போய் எட்டு மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால், சாயங்காலம் வரை யாரும் என் மேல் ஒரு குறை சொல்ல முடியாது. கெட்டிக்காரி, கறாரானவள் என்று பேர். அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். பெருமைப்படும்படி இதில் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வேலை என்ன என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். அந்தக் காலத்தில் ஐரோப்பா, ஜப்பான் போன்ற பணக்கார நாடுகள், மலேசியா மாதிரி வளர்ந்துகொண்டிருந்த நாடுகளின் பொருட்களுக்கு இறக்குமதி வரி போடாமல் விட்டுவிடும் ஒரு சலுகை இருந்தது. பொருள் இந்த நாட்டில்தான் செய்யப்பட்டது என்று நாங்கள் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதற்கு ‘ஃபாரம் ஏ’ என்று பெயர். இளம்பச்சைத் தாள். அந்தத் தாள் சரக்கோடு போனால் அங்கே வரி கிடையாது. போகாவிட்டால் வரி உண்டு. வாங்குகிறவன் அடுத்த தடவை வேறு நாட்டுப் பக்கம் திரும்பிவிடுவான்.

பெரிய கம்பெனிகளுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. கையில் பெட்டியோடு ஆள் வருவான், பத்து ஃபாரத்தை அடுக்கி வைப்பான், ‘ஹலோ மிஸ்’ என்று சிரிப்பான், மத்தியானத்துக்குள் வாங்கிக்கொண்டு போய்விடுவான். சலுகையே சின்ன ஆட்களுக்காகத்தான் என்று சுற்றறிக்கையில் அழகாக எழுதியிருக்கும். ஆனால் சின்ன ஆட்கள் அபூர்வமாகத்தான் எங்கள் படி ஏறினார்கள். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. காரணம் நாலாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் சொல்ல வந்த அந்த அக்கா முதல் தடவை வந்தது ஒரு திங்கட்கிழமை. நாற்பது வயது இருக்கும். சேலையில் இஸ்திரி மடிப்பு கலையாமல், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்தார். சேலைக்கு நேரம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்பாடா! நம்ம ஆளுதானே மேடம் நீங்க? பயந்துகிட்டே வந்தேன் லா. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது” என்றார்.

நான் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன். “யெஸ், வாட் இஸ் இட்?” என்று.

இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். வீட்டில் தமிழ்தான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, நான் இங்கே குமாஸ்தா. அப்படியிருக்க ஏன் அந்த வேஷம்? ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்னால், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவருடைய ஃபாரத்தை வரிசையில் முந்தி எடுத்துக் கொடுத்துவிட்டேன். யாரோ புகார் போட்டார்கள். மேலதிகாரி எல்லோர் முன்னாலும், “இது உன் சொந்தக்காரர்களுக்கான கவுண்டர் இல்லை” என்று சொன்னார். அன்றிலிருந்து எந்தத் தமிழர் வந்தாலும் பக்கத்துக் கவுண்டர் பெண், “உன் ஆள் வந்தாச்சு” என்று மலாயில் சிரிப்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். எனக்கு அது முள்ளாகக் குத்தும். அதனால் நம் ஆட்கள் யார் வந்தாலும், மற்றவர்களுக்குக் காட்டும் கறாரைவிட ஒரு பிடி கூடவே காட்டத் தொடங்கினேன். அதுதான் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா ஃபைலைத் திறந்தார். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பண்டமாரானில், தன் வீட்டுப் பின்பக்கத்தில் கொட்டகை போட்டு, பிரம்பில் ரொட்டிக் கூடை பின்னுகிறார்களாம். ஜெர்மனியில் ஒரு கடைக்காரர், கிள்ளானுக்கு வந்திருந்தபோது பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்திருக்கிறார். முதல் ஆர்டர். பிரம்பு பகாங் மாநிலத்துக் காட்டிலிருந்து வருகிறது, பின்னுகிறவர்கள் எல்லாம் இங்கத்துப் பெண்கள். ஃபாரம் ஏ கொடுப்பதற்கு இதைவிடச் சுலபமான சரக்கு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்தலாம்.

நான் கண்ணை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பெயரில் மாட்டினார்.

மலேசியத் தமிழர்களின் பெயர் விஷயம் வெளிநாட்டு வாசகர்களுக்குத் தெரிந்திருக்காது. அடையாள அட்டையில் எங்கள் பெயருக்குப் பின்னால் ‘ஏ/பி’ என்று போட்டு அப்பா பெயரைப் போடுவார்கள். ‘அனாக் பெரெம்புவான்’, அதாவது இன்னாரின் மகள். ஆணாக இருந்தால் ‘ஏ/எல்’. அக்காவின் ஃபாரத்தில் பெயர் சரியாக, அட்டையில் உள்ளபடி இருந்தது. ஆனால் இன்வாய்ஸிலும் கப்பல் ஏஜெண்ட் கொடுத்த புக்கிங் தாளிலும், ‘மிஸ்டர் ஏ.பி.’ என்று போட்டுப் பக்கத்தில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. ஜெர்மன்காரர் அந்த ஏ/பியை இனிஷியல் என்று நினைத்துவிட்டார். கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்பது அவர்கள் ஊர் வழக்கம். அவருடைய கடிதத்தைப் பார்த்து கிள்ளானில் ஒரு டைப்பிஸ்ட் இன்வாய்ஸ் அடித்தார். இன்வாய்ஸைப் பார்த்து ஏஜெண்ட் தாளைப் போட்டார். இப்படியாக அக்கா ஆம்பளையாகி, தன் அப்பாவாகவும் ஆகிவிட்டார்.

“நேம் நாட் சேம்” என்று தாளைத் தள்ளினேன்.

அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஐயோ, அது நான்தான் மேடம். எங்கப்பா செத்து பதினைஞ்சு வருசமாச்சு. பாவம், செத்தப்புறம் ஜெர்மனிக்கு ஏற்றுமதி பண்றாரு.”

நல்ல வேடிக்கைதான். பக்கத்தில் வேறு யாரும் இல்லையென்றால் நானும் சிரித்திருப்பேன். என் அடையாள அட்டையிலும் அதே ஏ/பி இருக்கிறது. எனக்கும் வெளிநாட்டிலிருந்து ‘மிஸ்டர் ஏ.பி.’ என்று ஒரு புத்தகக் கம்பெனி கடிதம் அனுப்பியிருக்கிறது, வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அக்காவிடம் ஒரு வரி எழுதி வாங்கி இணைத்திருந்தால் போதும். மலாய்க்காரர், சீனர் பெயர்களில் இதுபோல் குழப்பம் வந்தபோது நானே அப்படி வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. பக்கத்துக் கவுண்டர் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆல் மஸ்ட் பி சேம்” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். ஃபாரத்தில் அடித்துத் திருத்தக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. புதுத் தாள் வாங்கி முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டும்.

புதன்கிழமை திரும்ப வந்தார். இந்தத் தடவை சேலை சாதாரணச் சேலை. ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்’ என்று நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஃபாரத்திலும் மிஸ்டர் ஏ.பி. என்றே அடித்துக்கொண்டு வந்திருந்தார். பாவம், அவர் பார்வையில் அது சரிதான். மூன்று தாளில் இரண்டு அப்படி இருந்தது, மூன்றாவதையும் அப்படியே ஆக்கிவிட்டார்.

“ஹூ இஸ் திஸ் மிஸ்டர்?” என்று கேட்டேன். எங்கள் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர், கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள், இந்த ஆண் யார் என்று.

அப்போதுதான் அவர் முகம் முதல் தடவையாக மாறியது. கோபம் இல்லை. கணக்குப் பரீட்சையில் விடை தப்பிப்போன பிள்ளையின் முகம். கவுண்டர் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னார்.

“மேடம், நாங்க ஒன்பது பேரு. எல்லாரும் சுங்கை வே ஃபேக்டரில ஒண்ணா வேலை செஞ்சவங்க. ஆளைக் குறைச்சப்ப எங்களையெல்லாம் ஒரே நாள்ல அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் சும்மா இருந்துட்டு, இதைத்தான் பிடிச்சுகிட்டோம். இந்தப் பேப்பர் சரக்கோட போச்சுன்னா மூணு மாசத்துக்கு ஒரு ஆர்டர் தர்றேன்னு அந்த ஜெர்மன்காரரு எழுதியிருக்காரு. போகலைன்னா அந்த விலைக்குக் கட்டாதாம். கப்பல் வெள்ளிக்கிழமை. நான் எங்க போயி என்ன மாத்தணும், சொல்லுங்க, ஓடிப் போயி மாத்திட்டு வந்துடுறேன்.”

ஒன்பது பேர். ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. புரியாதவள் போல ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். இன்வாய்ஸ் மாற்ற வேண்டும், புக்கிங் தாள் மாற்ற வேண்டும், ஃபாரம் மறுபடி அடிக்க வேண்டும். மூன்றிலும் அடையாள அட்டைப் பெயர். அதை வாங்கி மடித்து, “தேங்க்யூ மேடம்” என்று சொல்லிவிட்டுப் படியில் ஓடினார். லிஃப்ட் வருவதற்குக்கூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது மிஸ்டர் ஏ.பி. கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். தங்கை சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. “அந்த மனுசி தமிழில கேட்டா, நீ ஏன் தமிழில கதைக்கேல்லை?” என்றார். ஆஃபீஸில் அப்படியெல்லாம் பேச முடியாது அம்மா, உங்களுக்குத் தெரியாது என்று வாயை அடைத்துவிட்டேன். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகங்களில் தொழுகைக்காக மத்தியானம் நீண்ட இடைவேளை உண்டு. பன்னிரண்டே காலுக்கு மூடினால் இரண்டே முக்காலுக்குத்தான் திறப்போம். அக்கா வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. மூச்சு வாங்கியது. தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கப்பல் ஏஜெண்ட் காலையில் இழுத்தடித்துவிட்டாராம். ஃபைலைத் திறந்து மூன்று தாளையும் வரிசையாக, பெயர் மேலே தெரிகிற மாதிரி வைத்தார்.

எல்லாம் சரியாக இருந்தது. ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

“லோரி கீழ நிக்குது மேடம். நேரா போர்ட்டுக்குப் போகணும். நாலு மணிக்கு மேல சரக்கு எடுக்க மாட்டாங்களாம்.”

கையெழுத்துப் போடும் அதிகாரி இன்னும் தன் அறையில்தான் இருந்தார். கதவு திறந்திருந்தது, அவர் நாற்காலி தெரிந்தது. நான் எழுந்து பத்தடி நடந்தால் போதும். ஆனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் ஃபாரம் வாங்குவதில்லை என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எழுதப்பட்ட விதி அல்ல, சும்மா ஒரு வழக்கம். பெட்டியோடு வரும் கம்பெனி ஆட்களுக்கு அதைப் பலமுறை மீறியிருக்கிறோம்.

‘மூடப்பட்டது’ என்ற பலகையை எடுத்து அவர் தாள்களுக்கு முன்னால் வைத்தேன். “டூ ஃபார்ட்டிஃபைவ்” என்றேன்.

அவர் கெஞ்சவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னல் வழியாகக் கீழே லோரி நின்ற பக்கம் பார்த்தார். இரண்டே முக்காலுக்குக் கொடுத்தாலும் கையெழுத்தாகி வெளியே வர மூன்றரை ஆகிவிடும். அங்கிருந்து போர்ட் கிள்ளான் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்தக் கணக்கை அவர் போட்டு முடிப்பதை நான் முகத்திலேயே பார்த்தேன். தாள்களைத் திரும்ப ஃபைலில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இரண்டே முக்காலுக்கு அவர் வரவில்லை. சரக்கு ஃபாரம் இல்லாமல் கப்பல் ஏறிவிட்டது.

இத்தோடு முடிந்திருந்தால்கூட, ‘ஏதோ இளவயதுத் திமிர், விதியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்’ என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருப்பேன். ஆனால் அவர் நாலாவது தடவையும் வந்தார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. கவுண்டரில் கூட்டமே இல்லை. பக்கத்துக் கவுண்டர் பெண்கூட லீவு.

“கப்பல் போயிடுச்சு மேடம். அங்க போய்ச் சேர இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம். இப்ப ஏதாச்சும் செய்ய முடியுமா?” என்று கேட்டார்.

செய்ய முடியும். தவறுதலாலோ வேறு விசேஷக் காரணத்தாலோ ஏற்றுமதியின்போது ஃபாரம் வாங்க முடியாமல் போனால், பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ‘சரக்கு சென்ற பின் வழங்கப்பட்டது’ என்று ஒரு முத்திரை குத்திக் கொடுப்போம். அந்த முத்திரை என் மேஜையின் வலது டிராயரில் இருந்தது. என் முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைதான்.

ஆனால் அதற்கு மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். முன்பே ஏன் வாங்கவில்லை என்று அவர் கேட்பார். திங்கட்கிழமை வந்தார், திருப்பி அனுப்பினேன். புதன்கிழமை வந்தார், திருப்பி அனுப்பினேன். வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக இருந்தும் பலகையை வைத்தேன் என்று நான் எழுதியாக வேண்டும். யாருடைய கறார் அது என்பது வெட்ட வெளிச்சமாகிவிடும்.

“கெனாட்” என்றேன், முடியாது என்று.

அந்த ஒரு வார்த்தைதான். எங்கள் ஊரில் எல்லோரும் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. அவரும் அதை எத்தனையோ இடங்களில் கேட்டிருப்பார். நம்பிவிட்டார். “பரவால்ல மேடம், சிரமம் கொடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். முன் மூன்று தடவையும் என்னைத் தடுத்தது அந்தப் பக்கத்துக் கவுண்டர் பெண் என்று சொல்லிக்கொள்ளலாம். நாலாவது தடவை அவள் அங்கே இல்லை. நான்தான் இருந்தேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் போய்விட்டது. இந்தச் சலுகையைச் சின்ன ஏற்றுமதியாளர்கள் பயன்படுத்தவே இல்லை என்று மேலிடத்தில் கவலை வந்தது. ஊர் ஊராகப் போய் விளக்கக் கூட்டம் போடச் சொன்னார்கள். கிள்ளான் பக்கத்தில் தமிழர்கள் அதிகம், தமிழில் பேச ஆள் வேண்டும் என்றதும் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டிய அதே மனிதர், “உனக்குத்தான் தமிழ் தெரியுமே, நீ போ” என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இரண்டு நாள் உட்கார்ந்து நல்ல தமிழில் பேச்சைத் தயார் செய்தேன்.

பண்டமாரான் பாலாய் ராயாவில் கூட்டம். அந்த வட்டாரத்துப் பொது மண்டபம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்பது பேர் இருப்பார்கள். மசாலை அரைக்கிறவர், ஊறுகாய் போடுகிறவர், மரச்சாமான் செய்கிறவர். எழுந்து வணக்கம் சொல்லி, இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். மூன்றாவது வரிசையில், மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்.

பண்டமாரானுக்குப் போகிறோம் என்று தெரிந்தும் அவர் ஞாபகம் எனக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் என்னை உடனே கண்டுகொண்டுவிட்டார். நான் தமிழில் பேசுவதை, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்தேன். தயார் செய்து வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்து ஒப்பித்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார். பெயர் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் ஒரு கடிதம் இணைத்தால் போதும் என்று நான் சொன்னபோதும் எழுதினார்.

கேள்வி நேரத்தில் மசாலைக்காரர் எழுந்தார். “மேடம், ஒருவேளை மறந்துட்டோம், கப்பல் போயிடுச்சுன்னு வைங்க. அப்புறம் என்ன, அவ்வளவுதானா?”

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தேன். பொய் சொல்ல வழியில்லை. அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த தாளிலேயே அது இருந்தது.

“இல்லை. கப்பல் போன பிறகும் கொடுக்கலாம். காரணத்தை எழுதிக் கொடுத்தால் போதும்” என்றேன்.

எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். அக்காவின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரும் அதை எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்து எல்லோருக்கும் கறிபாப் பலகாரமும் சிராப் தண்ணியும் கொடுத்தார்கள். நான் வேனில் ஏறி ஓடிவிடலாமா என்று பார்த்தேன். எங்கள் வேன் டிரைவர் கறிபாப் தட்டோடு நின்றார். அதற்குள் அக்காவே என்னிடம் வந்துவிட்டார்.

“மேடம் நல்லாத் தமிழ் பேசுறீங்க” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என்ன பேசுவது என்று தெரியாமல், “கூடை வேலை எப்படிப் போகுது அக்கா?” என்று கேட்டேன். அவரை நான் தமிழில் கேட்ட முதல் கேள்வி அது.

“விட்டுட்டோம் மேடம். அந்த ஒரு ஆர்டரோட சரி. வரி கட்டி எடுத்தாரு, அப்புறம் எழுதலை. இப்ப வேற ஊர்ல வாங்குறாராம். எங்க ஆளுங்க நாலு பேரு கிடைச்ச ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரு ஆஃபீஸ் கூட்டுறாங்க. மத்தவங்களும் ஏதோ ஒண்ணு செய்யுறாங்க. நான் போர்ட்டு கேன்டீன்ல இருக்கேன்.” பிறகு சிரித்துக்கொண்டே, “மிச்ச ரோத்தான் பிரம்பு வீட்ல கட்டா கிடக்குது. பிள்ளைங்களுக்குப் பயம் காட்ட ஆகுது” என்றார்.

“இப்பக்கூட எழுதிக் கொடுங்க அக்கா, நான் பார்க்கிறேன்” என்று உளறினேன். அந்தச் சலுகைக்கான கெடு தாண்டிவிட்டது என்று எனக்கே தெரியும்.

“எதுக்கு மேடம்? வாங்குற ஆளே இல்லையே” என்றார்.

பிறகு ஏன் இந்தக் கூட்டத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேன்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம்.

“மத்த எட்டு பேரும் என்னைத்தான் நம்புனாங்க மேடம். நான்தானே பேப்பர் வேலை பார்த்தேன். ஏங்க்கா கிடைக்கலைன்னு அதுங்க கேட்டப்ப எனக்குச் சொல்லத் தெரியலை. எனக்கு இங்கிலீஷ் தெரியாததால எதையோ தப்பாப் பண்ணிட்டேன்னு மட்டும் தெரிஞ்சுது. அது என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன்.”

நான் கையில் இருந்த கறிபாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முத்திரை என் டிராயரில்தான் இருந்தது, நான் வேண்டுமென்றேதான் முடியாது என்றேன், உங்கள் பெயரும் என் பெயரும் ஒரே மாதிரிதான், ஒரு வரியில் முடிகிற விஷயம் என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை அவர் என்னை அடித்திருப்பார். ஒருவேளை புகார் செய்திருப்பார், வேலை போயிருக்கும். மற்ற எட்டுப் பேரிடம் போய், “இதுதான் நடந்துச்சு, என் மேல தப்பில்லை” என்றாவது சொல்லியிருப்பார்.

“உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லை அக்கா” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

நான் மேற்கொண்டு ஏதோ சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். அந்தக் கண்ணை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா என்பதும் எனக்குத் தெரியாது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் போய் வேனில் ஏறிக்கொண்டேன்.

அதன் பிறகு பதினேழு வருடம் அதே வேலையில் இருந்தேன். வருகிறவர்களிடம் அவரவர் பாஷையில் பேசினேன். கேட்காத சலுகையையும் நானே எடுத்துச் சொன்னேன். ‘உன் ஆள் வந்தாச்சு’ என்று யாராவது சிரித்தால், ‘ஆமாம்’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஓய்வு பெறும்போது, சின்ன வியாபாரிகளுக்கு உதவியவர் என்று பாராட்டி மாலை போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது கழுத்து அரித்தது. இரண்டு தடவை பண்டமாரானுக்குப் போய்த் தேடினேன். கேன்டீன் கைமாறிவிட்டது. வீடு இருந்த வரிசையையும் இடித்துவிட்டார்கள்.

உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்ன நான், தப்பு என்னுடையது என்ற அடுத்த வாக்கியத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. விடுமுறை எடுத்துக்கொண்டு பதில் தேடி வந்த அந்த அக்கா இதை எங்காவது படிக்க வேண்டும் என்றுதான், என் தாய்மொழியில் அதை இப்போது எழுதுகிறேன்.